செங்கல் சுவரும் பெண் பார்க்கப் போன நானும்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் அம்மா, தாய்மாமன், பெண்ணின் அப்பா, பெண்ணின் அண்ணன், உள்கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமாகப் பெண். அப்புறம் மேசைமேல் ஒரு டிவி. இத்தனை பேர் முன்னால்தான் என் மானம் போயிற்று.

எழுபதுகளின் கடைசி. எங்கள் பக்கம் டிவி நிலையமே கிடையாது. ஆனாலும் கொழிஞ்சாம்பாறையில் அந்த வீட்டில் டிவி இருந்தது. கப்பலில் வேலை பார்த்த அண்ணன், அதில் இணைத்து விளையாடும் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எருத்தேன்பதியில் அப்பாவின் செங்கல் சூளைக்குப் போனவன். பெண்ணோ பத்தாவது தேறியவள். இதற்கு முன் பார்த்த இரண்டு இடமும் "மாப்ள எத்தனாவது வரைக்கும்?" என்ற கேள்வியில் கவிழ்ந்தன. ஆகவே என் திட்டம் இதுதான்: எதையும் கேட்கக் கூடாது, எல்லாம் தெரிந்த முகத்தோடு உட்கார வேண்டும். (அது வயிற்றுவலிக்காரன் முகம்போல இருந்தது என்று மாமா பிறகு சொன்னார்.)

"ஏனுங் மாப்ள, சும்மா ஆடிப் பாருங்க" என்று அண்ணன் குமிழ் வைத்த டப்பாவைக் கையில் கொடுத்தார். "இதத் திருப்புனா கட்டை நகருமுங்க."

எப்படி ஆடுவது என்று கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமே! திரையில் மேலே அழகாக அடுக்கிய செங்கல் சுவர். கீழே சின்னக் கட்டை. முதல் பந்து தவறிப்போய்க் கட்டையில் பட்டு, எகிறி, ஒரு கல்லைக் காணாமல் ஆக்கியது. எனக்குப் பகீரென்றது. (மண் மிதித்து, அறுத்து, காயவைத்து, வேகவைத்து எடுக்கிற கல்! பதறாதா?) மூலையில் 'ஒன்று' என்று விழுந்தது. சேதக் கணக்கு! அதன்பின் பந்து வரும்போதெல்லாம் கட்டையை அவசரமாக ஒதுக்கி வழிவிட்டேன். எல்லாப் பந்தும் போய் ஒழிந்தது.

"ஒரே ஒரு கல்லுதானுங்க சேதம்" என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

அண்ணன் வாயைப் பிளந்தார். "மாப்ள, அத்தனையும் உடைக்கோணுமுங்க!"

"நல்லா இருக்கற செவுத்த எதுக்குங்க உடைக்கறது?"

அந்த நேரம் பார்த்துக் காப்பித் தட்டோடு பெண் வந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தம்ளர்கள் கடகடவென்று ஆடின. பாதிக் காப்பி தட்டில். அவள் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ்ஸில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமாதான், "எட்டாவதுன்னு நேராவே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா" என்றார். அந்த வாரம் முழுக்கச் சூளைப் புகையை விட்டு நான் வெளியே வரவில்லை.

வாரக் கடைசியில் தகவல் வந்தது: பெண்ணுக்குச் சம்மதம்! (வீடு மாறி வந்துவிட்டாரோ என்று, வந்தவரிடம் இரண்டு முறை விசாரித்தேன்.)

அந்தப் பெட்டி எப்போதோ பழுதாகிப் போனது. ஆட்டம் மட்டும் சாகவில்லை. இப்போது பேத்தியின் செல்போனில் வண்ண வண்ணச் செங்கல்லாக நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வந்தாலும் காப்பிக்கு முன்பு அதைத்தான் கையில் கொடுப்பார்கள். போன மாதம் பேத்தியைப் பார்க்க வந்த பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மொத்தச் சுவரையும் ஒரே மூச்சில் தரைமட்டமாக்கினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

என் மனைவி மட்டும் என் காதருகே குனிந்தாள்.

"நல்லாத்தானுங்க ஆடறான். ஊடு தாங்குமுங்களா?"