டெஸ்மண்டின் சொட்டுக் கார்

"ஏங்க, உங்க காரு மறுபடியும் ஒழுகுது!"

பால் பாட்டிலோடு உள்ளே வந்த ஹிலரி சொன்னாள். முட்டையை எப்படி வேகவைக்க வேண்டும் என்று அவளுக்குப் பாடம் நடத்தக் காத்திருந்த டெஸ்மண்ட் வாசலுக்கு ஓடினார். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர்.

அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அவர் பிறந்த வருஷத்து மாடல். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில்.

"ஞாயித்துக்கிழமை பழைய கார் கண்காட்சி ஹிலரி! ஒரு சொட்டு விழுந்தாலும் பாதிரியார் தன் புல்வெளில விடமாட்டாராம்!"

"அவசரப்படாம நிதானமாப் பாருங்க. சாப்பாட்டை வெளியவே கொண்டாறேன்."

டெஸ்மண்ட் எல்லா போல்ட்டையும் முறுக்கினார். ஒன்று பட்டென்று முறிந்தது. புது போல்ட் போட்டும், காலையில் மறுபடி ஆயில்.

அடுத்து ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றி, பசையை அள்ளி அப்பினார். கேஸ்கட்டோடு அவருடைய முன்முடியும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டது.

"ஹிலரி! கத்திரிக்கோல் கொண்டா!"

"எதை வெட்டணும்?"

"என்னைத்தான்!"

நெற்றிக்கு மேலே வழுக்கை விழுந்ததுதான் மிச்சம். காலையில் முன்னைவிடப் பெரிய குட்டை.

சனிக்கிழமை ஹிலரி தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பியதும் அவருக்கு ஞானம் பிறந்தது. எஞ்சின் இருந்தால்தானே ஒழுகும்? சங்கிலி கட்டி எஞ்சினை இறக்கி, தோட்டத்துக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, பானெட்டை மூடினார். கண்காட்சிக்குக் காரைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். ஹிலரியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மீதி முடியும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டு, டையோடு கம்பீரமாக வெளியே வந்தார்.

காருக்கு அடியில் பளபளவென்று ஆயில்.

பானெட்டைத் திறந்தார். உள்ளே எஞ்சின் இல்லை. குனிந்தார். ஆயில் இருந்தது. மறுபடி திறந்து, கையை விட்டுத் துழாவியும் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எஞ்சினே இல்லாம எப்படிடா ஒழுகும்?" என்று காரைப் பார்த்துக் கதறினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நல்லவேளை, நீங்களே இருக்கீங்க. ஹிலரி தினம் காலைல உங்க காருக்கு அடியில ஊத்துறாங்களே, அது என்ன ஆயில்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா? எங்க வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகுறாரு."