விக்கிரவாண்டி ஷெட்டில் கூடிய நாடாளுமன்றம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் சொந்தமாக மூன்று போர்வெல் வண்டி வாங்கினேன், விக்கிரவாண்டியில் ஷெட் போட்டேன், ஒரே ஒரு முறை நாடாளுமன்றமும் நடத்தினேன். முதல் இரண்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எல்லாம் டெல்லி சுற்றுலாவால் வந்த வினை. நாடாளுமன்றத்தைச் சுற்றிக் காட்டியவர் இந்தியில் விளக்கினார். பக்கத்தில் நின்றவர் எனக்குத் தமிழில் சொன்னார். மக்களவை பெரியது, மாநிலங்களவை சிறியது. ஒன்று நிறைவேற்றியது மற்றொன்றுக்குப் போகும். இரண்டும் சரி என்றால் ஜனாதிபதி கையெழுத்துப் போடுவார், சட்டமாகிவிடும். மீதியைக் கேட்பதற்குள் பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டான். (பாதி போதாதா? முழுசாகப் படித்தவன் எவன் மூன்று வண்டி வைத்திருக்கிறான்?)

திரும்பி வந்ததும் மகள் ரேவதிக்கு நிச்சயதார்த்தம். பெரியவன் செல்வத்தின் வீடு விழுப்புரத்தில், ஏழு பேர். அது மக்களவை. சின்னவன் குமார் வீடு திண்டிவனத்தில், மூன்று பேர். மாநிலங்களவை. நடுவில் விக்கிரவாண்டியில் நான். என் பதவி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பச்சை மைப் பேனாவே வாங்கிவிட்டேன்.

சம்பந்தி வீட்டாரை அழைக்கும் அதிகாரம் விழுப்புரத்துக்கு. சாப்பாட்டு அதிகாரம் திண்டிவனத்துக்கு. சபைகள் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாது, எல்லாம் என் வழியாகத்தான். (இது டெல்லியில் சொல்லாதது. நானாகச் சேர்த்தது.)

செல்வம் எழுதி அனுப்பினான்: ஞாயிறு காலை, விழுப்புரம் மண்டபம். அதன் நகலைத் திண்டிவனத்துக்கு அனுப்பினேன். “அங்க ஏசி இல்லப்பா, வேர்த்து ஊத்தும்” என்று குமார் ஊரை மட்டும் அடித்துவிட்டுத் திண்டிவனம் மண்டபம் என்று எழுதினான். இரண்டு சபையும் நிறைவேற்றியாகிவிட்டதே! இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு அவரவரிடம் கொடுத்தேன். மண்டபம் எது என்று கேட்டவர்களிடம், “கையெழுத்து ஆயிடுச்சு” என்று மட்டும் கம்பீரமாகச் சொன்னேன்.

ஞாயிறு காலை கார் நெடுஞ்சாலைக்கு வந்ததும், பட்டுப்புடவையில் இருந்த ரேவதி கேட்டாள்: “அப்பா, வடக்கயா, தெக்கயா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம். இரண்டிலும் என் கையெழுத்து. எந்தச் சட்டப்படி வண்டியைத் திருப்புவது?

போன் அடித்தது. செல்வம். “அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்துக்கினு இருக்காங்க. சமையல்காரரு எங்க?”

வைப்பதற்குள் குமார். “சாம்பார் ரெடிப்பா. ஒரு ஆளையும் காணோமே?”

மறுபடி விழுப்புரம். இந்த முறை சம்பந்தி. “பதினொன்னரைக்குள்ள தட்டு மாத்தலன்னா நாங்க எங்க ஊரு அனந்தபுரத்துக்கே கிளம்பிடுவோங்க. சும்மா பேஜாரு பண்ணாதீங்க.”

ரேவதியின் கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. “ரெண்டு சபையும் ஒரே வாசகத்தைத்தான்பா நிறைவேத்தணும்! நீங்க ரெண்டு வாசகத்துக்கும் கையெழுத்து போட்டுட்டு வந்து நிக்கிறீங்க. ஒத்துவரலன்னா ரெண்டையும் சேர்த்துக் கூட்டுக் கூட்டம் போடணும்.”

“அதை யாரும்மா கூட்டணும்?”

“ஜனாதிபதி.”

“அப்போ நான்தான்…”

“நீங்க கம்முனு இருங்க” என்று பின்சீட்டிலிருந்த என் வீட்டம்மா போனைப் பிடுங்கி, மகன்கள் இருவரையும் ஒரே லைனில் போட்டாள். “செல்வம், சம்பந்தியை ஜல்தியா நம்ம ஷெட்டுக்கு இட்டாந்துடு. குமாரு, சாம்பாரை மூடி வண்டில ஏத்து. ரெண்டுக்கும் நடுவுல நாமதானடா இருக்கோம்!”

பதினொன்று இருபதுக்கு, மூன்று போர்வெல் வண்டிகளுக்கு நடுவே தட்டு மாறியது. சம்பந்தியின் வெள்ளை வேட்டியில் கிரீஸ். சாம்பார் சாதம் உள்ளே போன பிறகுதான் அவர் கோபம் கொஞ்சம் இறங்கியது. கூட்டுக் கூட்டத்தில் தலை அதிகம் உள்ள சபைதான் ஜெயிக்குமாம். முதல் பந்தியில் விழுப்புரத்தார் வடையைத் தீர்த்தபோது அது எனக்கு விளங்கியது.

நிச்சயதார்த்தப் போட்டோவில் ரேவதியின் தலைக்குப் பின்னால் இன்றும் ஒரு டிரில்லிங் பைப் நிற்கிறது. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு எப்போது கிளம்பினாலும் முதலில் எனக்குப் போன் போட்டு, “மாமா, வடக்கயா, தெக்கயா?” என்கிறார்.

“உங்க அத்தையைக் கேளுங்க மாப்ளே” என்பேன். பச்சைப் பேனா இப்போது அவளிடம்தான் இருக்கிறது. மளிகைச் சாமான் எழுதுகிறாள். எழுதினால் எழுதியதுதான்; எந்தச் சபைக்கும் போவதில்லை.