தியாகராசாவின் தன்னாட்சி நரம்புகள்

இந்த வரலாற்றை எனக்கு முதன்முதலிற் சொன்னவள், வெள்ளவத்தையில் தியாகராசா தம்பதியரின் கீழ்மாடியில் வசிக்கும் பிறிஜெற். என்னிடம் கணக்குப் படித்தவள். ஒரு ரூபாயைக் கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டாள்.

தியாகராசா ஓய்வுபெற்ற தபாலதிபர். இருபது ஆண்டாக நீரிழிவுக்காரர். ஒருநாட் காலை கதிரையை விட்டு எழுந்தவருக்குக் கண் இருண்டது. குளிர்சாதனப் பெட்டியைக் கட்டித் தழுவியபடி நின்றார். வைத்தியர் விளக்கினார்: இதயத் துடிப்பு, வியர்வை, சமிபாடு, எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் விழாமற் காத்தல் யாவும் நம் கட்டளைக்குக் காத்திராமல் நடப்பவை. நடத்துவது தன்னாட்சி நரம்புத் தொகுதி. நெடுநாட் சீனி வருத்தம் அதைத் தளர்த்தியிருக்கலாம். நோயாளியைக் கட்டிலிற் கட்டி, கட்டிலை நிமிர்த்திப் பரிசோதித்தால் தெரியும்.

தன்னாட்சி என்ற சொல் தியாகராசாவின் நெஞ்சிலே தேனாய் இறங்கிற்று.

"கேட்டீரே, இரத்தினம்? ஆருடைய ஓடருக்கும் அடங்காதாம். இந்த வீட்டில அப்பிடியும் ஒண்டு இருக்கு!"

"நல்லது. அது ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாத்திட்டு வாங்கோ" என்றார் மனைவி இரத்தினம்மா.

குறித்த நாளில் காஸ் சிலிண்டர் வர இருந்ததால் இரத்தினம்மா வீட்டில் நிற்க நேர்ந்தது. பன்னீராயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கடித உறையிலிட்டுக் கொடுத்து, "தேத்தண்ணி குடியாதேங்கோ, சோதனை பிழைச்சுப்போகும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

தியாகராசா பரிசோதனை அறையின் வாசல்வரை வீரமாகவே சென்றார். உள்ளே, பட்டிகளாற் கட்டுண்ட ஒரு மனிதரோடு கட்டில் எழுந்து நின்றது. அடுத்த நிமிடம் தியாகராசா வாகனங்கள் இரையும் காலி வீதியில் நின்றார். தேநீர்க்கடையில் இரண்டு ரோல்சும் ஒரு தேநீரும் அவரைத் தேற்றின.

"எல்லாம் நோர்மல்! றிப்போட் வட்சப்பில வரும்" என்று பகல் வீடு திரும்பி முழங்கினார்.

"அப்ப சந்தோசம். வீட்டிலையும் ஒருக்காப் பாப்பம். படுங்கோ."

கொரோனாக் காலத்தில் வாங்கிய சிறு கருவியை இரத்தினம்மா அவருடைய விரலில் மாட்டினார். விரலைக் கவ்விக்கொண்டு நாடித் துடிப்பைக் கணத்துக்குக் கணம் எண்ணிக் காட்டும். எழுபத்துநான்கு.

"எத்தினை பட்டி கட்டினவை?"

"மூண்டு."

எண்பத்தெட்டு.

"பயமா இருக்கேல்லையோ?"

"பயமோ? எனக்கோ?"

நூற்றொன்பது.

"தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

"சீ, பச்சைத் தண்ணியும் தொடேல்லை!"

நூற்றிருபத்தொன்று. நெற்றியும் வியர்த்தது. நாற்பத்தொரு ஆண்டு இல்லறத்தில் தியாகராசா வாயை அடக்கப் பழகியிருந்தார். முகத்தையும் அடக்கப் பழகியிருந்தார். துடிப்பை அடக்கும் வித்தையை எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"உது பற்றறி பழுது, இரத்தினம்!"

இரத்தினம்மா கருவியைக் கழற்றித் தம் விரலில் மாட்டினார். எழுபத்தாறு.

"பற்றறி நல்லாத்தான் இருக்கு."

தியாகராசா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "பயந்திட்டனப்பா. அந்தக் கட்டிலோட நான் மயங்கி விழுந்தா, பிடிக்க நீரும் பக்கத்தில இல்லை."

தியாகராசா மெல்லத் திரும்பிப் பார்த்தார். மனைவியின் விரலில் எண் ஏறிக்கொண்டிருந்தது: எண்பத்தொன்பது, தொண்ணூற்றாறு, நூற்றிரண்டு.

"உமக்கும் ஏறுது."

"பற்றறி பழுது" என்று இரத்தினம்மா அதைப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

பிறகு தலையணையின் கீழிருந்து ஒரு பற்றுச்சீட்டை எடுத்தார். அதே பரிசோதனை, மறுநாட் காலை ஒன்பது மணி. பிறிஜெற்றின் மைத்துனி ஷாமிலாவுக்கு அதே நிலையத்தில்தான் வேலை. தியாகராசா இரண்டாவது ரோல்சைக் கடிக்குமுன்னரே வீட்டுக்குச் செய்தி வந்துவிட்டது. பிறிஜெற் கைமாற்றாகப் பணம் கட்டி, புதிய நாளும் குறித்தாயிற்று.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டோ என்னைக் கேள்வி கேட்டனீர்?"

"எனக்குத் தெரியும். உங்கட நரம்பு வேலை செய்யுதோ எண்டு பாக்க வேண்டாமோ?"

மறுநாள் கட்டில் நிமிர்ந்தபோது, பரிசோதனை செய்த பெண், "அம்மா, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. நீங்கள் கிட்ட வந்தா ஐயாவுக்குப் பல்ஸ் ஏறுது" என்றாள்.

"ஏறினா ஏறட்டும். அவ நிக்கட்டும்" என்றார் கட்டுண்டிருந்த தியாகராசா.

அச்சப்பட ஒன்றுமில்லை. அழுத்தம் சிறிதளவே விழுந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், படுக்கையில் சற்று இருந்து, பின் எழவேண்டும், நாள்தோறும் நடக்கவேண்டும். மீன் வாங்கச் சந்தைக்கு நடந்தாற் போதும் என்று இரத்தினம்மா வைத்தியருக்கு வழிகாட்டினார்.

அன்று மாலை தியாகராசா கீழ்மாடிக்கு இறங்கி, உறையைப் பிறிஜெற்றிடம் பெருமிதத்தோடு நீட்டினார். அவள் எண்ணினாள், என்னிடம் படித்தவள் அல்லவா? மேல்மாடிப் படியிலிருந்து இரத்தினம்மாவின் குரல் கேட்டது: "குறையுதோ, பிறிஜெற்?"

ஓய்வூதியம் வந்த அன்று, நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டுத் துடிப்போடு, தியாகராசா மிகுதியையும் கொண்டுவந்து கொடுத்தார்: ரோல்சும் தேநீரும் தின்ற நானூற்று எண்பது ரூபாய்.