அந்த வருஷம் அத்தை யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்?

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சுகம் என்றால், உங்கள் தங்கைக்கு முதுகுவலி, எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறதா என்று அறிய ஆவல். போனிலேயே விசாரித்திருப்பேன். ஆனால் போனில் நான் எதைக் கேட்டாலும் நீங்கள் “ஆமாமா, ஆமாமா” என்கிறீர்கள். போன தடவை “நான் பேசுறது கேக்குதா இல்லையா?” என்று கத்தினேன். அதற்கும் “ஆமாமா” என்றுதான் பதில் வந்தது. இப்போது நான் கேட்கப்போகும் விஷயத்துக்கு அது பதில் ஆகாது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் நம் வண்டியைப் பற்றியது. இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குப் போகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வண்டி நிறுத்த இடம் இல்லை. சைக்கிளைக் கூடப் படுக்கையறையில்தான் வைக்க வேண்டும். ஆகவே வண்டி போயாக வேண்டும். பழைய வண்டிகள் மேல் பைத்தியமான பல் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். “ஓடினா எடுத்துக்கறேன். தள்ளிக்கிட்டுப் போற வண்டி என்கிட்ட ஏற்கெனவே நிறைய இருக்கு” என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறார். நம் தெருக்கோடி மேட்டில் அவரை உட்கார வைத்து ஏற்றிக் காட்ட வேண்டும். ஏறினால் டாக்டர் வீட்டுக்குப் போகும். ஏறாவிட்டால் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் தன் லாரியோடு வருவார். அவர் இப்போதே வேலிக்கு வெளியே நின்று ஒரு மாதிரி எடை போடுகிற பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதை வாங்கிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு இந்த ஊரிலேயே டர்போ என்று பின்னால் எழுதியிருந்த வண்டி நம்முடையது ஒன்றுதான். டர்போ என்றால் என்னவென்று நமக்கும் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்தை மட்டும் தினமும் துடைத்தோம். மேட்டில் ஏறும்போது முன்னால் ஒரு விசில் கிளம்பும், முதுகை யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும், நீங்கள் “பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று என் தொடையில் அடிப்பீர்கள். தொடை கன்றிப்போகும். அப்புறம் ஒரு நாள் விசில் மட்டும் வந்து, தள்ளுவது நின்றுபோனது. நீங்கள் பானட்டைத் திறந்து, ரப்பர் குழாய் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் பரப்பினீர்கள். எது எங்கே போகும் என்று மறந்துவிடக்கூடாதே என்பதற்காக என் மருந்துக் கடையிலிருந்து பிளாஸ்திரி வாங்கி ஒட்டி, அதன்மேல் பேனாவால் எழுதினீர்கள். ஒன்று, இரண்டு என்று எண் போடலாம் என்றேன். “எண்ணை எவன் ஞாபகம் வெச்சுக்குவான்? சொந்தக்காரங்களை மறக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு, நம் குடும்பத்தையே அந்த இஞ்சினுக்குள் கூட்டி வைத்தீர்கள்.

டர்போவிலிருந்து கிளம்பும் பருத்த குழாய் பெரியப்பா. எப்போதும் சூடு, உள்ளே எப்போதும் அழுத்தம், கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் டமார் என்று கழன்றுகொண்டு போவார். டர்போவுக்கு முன்னால் வளைந்து நின்று காற்றை உள்ளே இழுக்கும் குழாய் சித்தி. யார் எதைச் சொன்னாலும் உள்ளே வாங்கிக்கொள்வார். மிஞ்சின அழுத்தத்தைத் திறந்துவிடும் வேஸ்ட்கேட் என்ற வால்வுக்குப் போகும் விரல் பருமன் குழாய் உங்கள் அம்மா. டர்போ அளவுக்கு மீறி ஊதும்போது “போதும்” என்று சொல்வது அதுதான். என் மாமியாரை அதைவிடச் சரியாக யாரும் வர்ணித்ததில்லை. இஞ்சினின் அடிவயிற்றிலிருந்து எண்ணெய்ப் புகையை வெளியே விடும் மூச்சுக் குழாய் அத்தை. இஞ்சின் ஓடும் வரை அது பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அடைத்தால் ஆபத்து. அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் நாம் “பெரியப்பா மறுபடியும் கழண்டுக்கிட்டாரு” என்று பேசிக்கொண்டிருக்க, பெரியப்பாவே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்று உங்கள் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சரி, நடந்ததற்கு வருகிறேன். டாக்டர் ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து பார்க்கும்போது உள்ளே எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. குழாய்களைக் கழற்றினேன். உங்கள் தங்கை துணி ஊற வைக்கும் பெரிய வாளியில் சோப்புத்தூளைக் கரைத்து எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குழாய்கள் கீழே, பிளாஸ்திரிகள் மேலே. பெரியப்பா, சித்தி, அம்மா, அத்தை எல்லாரும் நுரையில் மிதந்துகொண்டிருந்தார்கள். கையில் எடுத்தால் எழுத்து கரைந்து ஓடுகிறது. உங்கள் தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். “என் வாளியில என்ன?” என்றாள். “உங்க சொந்தக்காரங்க” என்றேன். அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை, மச்சான். நாற்பது வருஷம் மருந்துக் கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவன் நான், நாலு குழாயைக் கண்டுபிடிக்க மாட்டேனா என்று நினைத்தேன். பருமனையும் வளைவையும் வைத்துப் பெரியப்பாவையும் சித்தியையும் அம்மாவையும் உட்கார வைத்துவிட்டேன். அத்தையின் ஒரு முனை இஞ்சினில் இருக்கிறது, இன்னொரு முனை எங்கே போக வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தால் அவர் போய் உட்காரக்கூடிய மூக்குகள், அதாவது குழாய் மாட்டும் முனைகள், பல இடங்களில் இருக்கின்றன. நீங்கள் போட்ட கணக்குப்படியே யோசித்தேன். அத்தை யாரோடு இருப்பார்? எனக்குக் கண்ணில் நிற்பது அவருடைய கடைசிக் காலம்தான். பெரியப்பாவும் அத்தையும், அண்ணனும் தங்கையும், ஒரே சோபாவில், ஒரே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டிவியில் யார் வந்தாலும் சேர்ந்து திட்டிக்கொண்டு இருந்த காட்சி. ஆகவே சந்தேகமே இல்லாமல் அத்தையைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவின் தோளில் இருந்த மூக்கில் மாட்டினேன். அதன்மேல் ஒரு ரப்பர் மூடி இருந்தது. அதைப் பிடுங்கி வேறொரு மூக்குக்குப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மனசுக்கும் நிறைவாக இருந்தது.

உங்கள் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து மேட்டுக்குப் போனேன். சமதரையில் ஒரு குறையும் இல்லை. மேடு தொடங்கியது, அழுத்தினேன், பழைய விசில் வந்தது, முதுகைப் பிடித்துத் தள்ளியது. “கேட்டியா! கேட்டியா!” என்று நான் கத்துகிறேன். அடுத்த நொடி பானட்டுக்குள் ஒரு ‘டப்’. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி பீறிட்டு எழும்பி பானட்டின் உட்புறத்தில் இடித்திருக்கிறது. கம்பி இருந்த ஓட்டை வழியாக எண்ணெய் கொப்பளித்துச் சூடான புகைபோக்கியில் கொட்டி, அங்கிருந்து கிளம்பிய புகையில் தெருவே மறைந்துபோனது. மாடியில் நின்ற யாரோ “தீ! தீ!” என்று அலறினார்கள். சலூன்காரர் ஒரு குவளைத் தண்ணீரோடு ஓடிவந்து, வண்டியை விட்டுவிட்டு என் மேல் ஊற்றினார். உங்கள் தங்கை மட்டும் அசையவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “இறங்கலாமா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?” என்று கேட்டாள். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தோம். வழி நெடுக அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “இனிமே இந்த வீட்டுல வண்டியைப் பத்திப் பேச்சே இருக்கக் கூடாது.” அன்றிலிருந்து பேசவில்லை. எழுதுகிறேன்.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. பெரியப்பா அழுத்தமான ஆள். அத்தை மூச்சு விட வேண்டிய ஆள். அவரைக் கொண்டுபோய் இவரோடு சேர்த்தால், இவருடைய அழுத்தம் முழுக்க அத்தை வழியாக இஞ்சினின் வயிற்றுக்குள் போகும். வயிறு உப்பினால் எங்கேயாவது பீறிடத்தானே செய்யும்? அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் பெயர் எழுதிய வருஷம் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது! ஒரு தையல் மெஷினுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன காலம் அது. நானோ அவர்கள் சமாதானமான பிற்பாடு இருந்த நிலைமைக்குத் தகுந்தபடி இஞ்சினை மாட்டிவிட்டேன். இஞ்சின் இன்னும் அந்த வருஷத்துச் சண்டையிலேயே இருக்கிறது.

ஆகவே மச்சான், என் கேள்வி இதுதான். அந்த வருஷம் அத்தை யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்? பெருமூச்சையெல்லாம் யாரிடம் கொண்டுபோய் இறக்கினார்? நான் அப்போது புது மாப்பிள்ளை, எனக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. இரண்டாவது கேள்வியும் இருக்கிறது. எல்லாரையும் மாட்டிய பிறகு ஒரு குழாய் மிச்சம். உள்ளங்கை நீளம், நடுவில் ஒரு சின்ன வளைவு, இரண்டு முனையும் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அது யார்? நம் சொந்தத்தில் நான் யாரை மறந்தேன்? இது தெரிந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? டாக்டர் அன்று பானட்டைத் திறந்து பார்த்தபோது, “இந்தப் பழைய ரப்பரை எல்லாம் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு நீலக் கலர்ல சிலிக்கான் குழாய் போட்டுடலாம், பிரமாதமா இருக்கும்” என்றார். நல்ல மனிதர்தான். அவர் மேல் தப்பு இல்லை. நானும் “போடுங்க, போடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு பானட்டை மூட மனசு வரவில்லை. பெரியப்பா இல்லை, அத்தை இல்லை, சித்தி இல்லை, உங்கள் அம்மா இல்லை. எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பது இனி அந்த இரும்புப் பெட்டிக்குள் மட்டும்தான். சண்டை போட்டபடியே ஆனாலும், இருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து, அந்த எரிச்சல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆனாலும் முடிவு முடிவுதான். வண்டியை டாக்டரிடமே கொடுத்துவிடுகிறேன். வயசான காலத்தில் ரப்பரைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. நீங்கள் இதற்காக முழங்காலைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வர வேண்டாம். இரண்டு கேள்விக்கும் ஒரு கார்டில் பதில் எழுதித் தபாலில் போட்டால் போதும். உங்கள் பக்கத்தில் என்னை விசாரிப்பவர்களுக்கு என் வணக்கம், விசாரிக்காதவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நீங்கள் கண்ணும் காலும் நலமாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதற்கும் பதில் தேவையில்லை. விலாசம் எழுதச் சொல்லி உங்கள் தங்கையிடம் கடிதத்தைக் கொடுத்தேன். விலாசம் எழுதாமல் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, “இதைக் கேக்க ஒரு கடிதமா? நான் வீட்டுலதானே இருக்கேன்? அந்த வருஷம் அத்தை சித்திகிட்டதான் பேசுவாங்க. அதுவும் நேரா இல்ல. அத்தை சொல்றதை சித்தி வீட்டுக்கு யாரு கொண்டு போனான்னு நினைச்சீங்க? என் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்” என்றாள். அந்த உள்ளங்கை நீளக் குழாயைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இது நான்தான்” என்றாள். அத்தைக்கும் சித்திக்கும் நடுவில் அவளே தன் கையால் மாட்டினாள். பெரியப்பாவின் தோளில் அந்த மூடியைத் திரும்பப் போட்டேன். எண்ணெய் ஊற்றி, கம்பியைச் சொருகி, மேட்டில் ஏறினோம். ஏறியது, மச்சான். விசிலோடு ஏறியது. என் தொடையில் அடித்தவள் இந்தத் தடவை உங்கள் தங்கை. இறங்கி வந்ததும் நான் கேட்காமலே டாக்டருக்குப் போன் போட்டு, “வண்டி ஓடலைங்க, ஓடவே ஓடாது” என்று கூசாமல் சொல்லிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணன் வீட்டு ஷெட்டு காலியாத்தானே கிடக்கு?” என்றாள். ஆகவே இந்தக் கடிதத்தில் தபால்தலை இல்லை. உங்கள் கதவுக்கு அடியில் தள்ளியது நான்தான். சீக்கிரம் வந்து திறங்கள், இஞ்சினை இன்னும் நிறுத்தவில்லை. எல்லாரும் வந்திருக்கிறோம்.