தலையாட்டித் தேர்ந்தெடுத்த தளம்

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று ரங்கெல் முடிவு செய்துவிட்டான். மனைவியிடம் அல்ல. அவளிடம் முடிவு செய்து என்ன ஆகப்போகிறது? ஏழு நாட்டு ஆட்கள் கூடும் இணையக் கூட்டத்தில்.

மர அலமாரிக்குப் படம் வரைய ஓர் இலவச மென்பொருள். பயன்படுத்துகிறவர்கள் சந்தேகத்தை மின்னஞ்சல் குழுவில் கேட்பார்கள். ரூசே நகரத்து ரங்கெல் பதில் சொல்வான். ‘கதவு ஏன் உள்பக்கமாகத் திறக்கிறது?’ என்ற ஒரே கேள்விக்குப் பதினோரு வருஷத்தில் நானூறு தடவை பதில் சொல்லியிருக்கிறான். மைத்துனியின் கல்யாணத்தில், பாதிரியார் மணமக்கள் தலையில் கிரீடம் வைத்த நிமிஷத்தில்கூட இவன் கைப்பேசியில் கீல் மாட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது கேள்விகள் பெருகிவிட்டன. கேள்வி-பதில் தளம் ஒன்றுக்கு மாறியே ஆகவேண்டும். இரண்டு தளங்கள் சோதனையில் இருந்தன. ஒன்று, ரங்கெல் வீட்டுக் கணினியில் ஓடுவது. அவன் ஒப்புதல் இல்லாமல் ஒரு பதிலும் வெளியே வராது. இன்னொன்றில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், நல்ல பதில் வாக்கு வாங்கி மேலே வரும். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால் பழைய பதில் தானாக வந்து நிற்கும். ரங்கெல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தானாக வந்து நிற்கும் என்றால், இவன் எதற்கு? பகலில் நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தப் பயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம் நிறைவேறும். ஆகவே ஒரு ‘இல்லை’ போதும்.

சனிக்கிழமை மதியம் கூட்டம். பால்கனியில் குடைமிளகாய் சுடும் அடுப்பு இரைந்தது. தலைமை தாங்கிய நார்வேக்காரி இங்வில்ட் சொன்னாள்: “ரங்கெல், உங்க வீட்டுச் சத்தம் காதைப் பிளக்குது. மைக்கை மூடிட்டு, தலையை மட்டும் ஆட்டுங்க.”

இங்கேதான் சிக்கல். ரூசேயில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’. பக்கவாட்டில் ஆட்டினால் ‘ஆமாம்’. ஊர் உலகத்துக்கு நேர்மாறு. வெளிநாட்டார் கூட்டத்தில் ரங்கெல் கவனமாக வெளிநாட்டுத் தலையைப் போட்டுக்கொள்வான்.

கேமராவுக்கு அப்பால், எதிர் நாற்காலியில் மனைவி டெமெனுகா சுட்ட மிளகாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“பழைய மின்னஞ்சல் குழுவே போதும்னு யாராவது நினைக்கிறீங்களா?” என்றாள் இங்வில்ட்.

“சொஸோபொல் கடற்கரைக்கு, அக்கா வீட்டுக்குப் பத்து நாள் போறோம். சரிதானே?” என்றாள் டெமெனுகா.

ரங்கெல் பக்கவாட்டில் ஆட்டினான்.

“அப்பாடா, ஒத்துக்கிட்டியே!”

“அது உனக்கில்லடி! அவங்களுக்கு!”

“என் எதிர்ல உக்காந்து ஆட்டினா அது எனக்குத்தான். எனக்குன்னு தனியா இன்னொரு தலையா வச்சிருக்க?”

“ஐயோ, கொஞ்சம் சும்மா இரு. அடுத்ததுதான் முக்கியமான கேள்வி.”

“என்னோடதும் அடுத்ததுதான் முக்கியம்.” அவள் கத்தியைக் கீழே வைத்தாள். குரல் மாறிவிட்டது. “வர மாட்டேன்னா சொல்லிடு. பதினோரு வருஷமா யார் யாருக்கோ பதில் சொல்றே. நான் மட்டும் தனியா போயிடட்டுமா, ரங்கெல்?”

அதே நேரம் திரையில் இங்வில்ட் கேட்டது ரங்கெல் காதில் விழவே இல்லை. வெளிநாட்டுத் தலை எங்கோ விழுந்துவிட்டது. சொந்தத் தலையை மேலும் கீழும், மேலும் கீழும், பலமாக ஆட்டினான்.

“ஏழு பேரும் சம்மதம்!” என்று கத்தினாள் இங்வில்ட். “எல்லாரும் பதில் சொல்ற தளமே முடிவு. ரங்கெல்தான் ரொம்பப் பலமா ஆட்டினார். எவ்வளவு பெரிய மனசு!”

அவன் பதறி மைக்கைத் திறப்பதற்குள் ஆறு பேரும் கைதட்டினார்கள். போர்ச்சுகல்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் எந்த வாயால் மறுப்பது? “நன்றி” என்று முனகிவிட்டு மூடினான்.

“அந்தத் தலையாட்டல் நிஜமா யாருக்கு?” என்று டெமெனுகா மெதுவாகக் கேட்டாள்.

“உனக்குத்தான். போகாதேன்னு.”

அவள் உரித்த மிளகாய் ஒன்றை உப்புத் தூவி அவன் வாயில் வைத்தாள். தோற்றது அவ்வளவு மோசமில்லை என்று அவனுக்கு அப்போது தோன்றியது.

மறு வாரம் சொஸோபொல் பேருந்தில், மனசு கேட்காமல் கைப்பேசியில் புதிய தளத்தைத் திறந்தான். அவனுக்காக ஒரு கேள்வியாவது மிச்சம் இருக்காதா? அதிக வாக்கு வாங்கி உச்சியில் நின்றது, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் சோதனையில் கேட்கப்பட்ட ஒன்று.

‘பதினோரு வருஷமாக ஒரே மூலையில் நிற்கும் அலமாரி. எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. கடற்கரை வரை நகர்த்துவது எப்படி? கேட்டவர்: டெமெனுகா, ரூசே.’

கீழே, சரியான விடை என்று பச்சைக் குறியோடு: ‘முதலில் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழும். ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கள், மறு பக்கம் நான் பிடிக்கிறேன். தானாக வந்துவிடும். விடை: இங்வில்ட், நார்வே.’

ரங்கெல் திரும்பிப் பார்த்தான். டெமெனுகா ஜன்னல் வழியாகக் காய்ந்து கறுத்த சூரியகாந்தி வயல்களை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஆவேசமாக, ‘அலமாரியையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்’ என்று தட்டி அனுப்பினான்.

தளம் பணிவோடு பதில் சொன்னது: ‘இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிட்டது. உங்கள் பதில் தேவையில்லை.’