முதலாளியின் உயிரும் மின்சார ஸ்கூட்டரும்

மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறேன் என்று அச்சக முதலாளி சொல்லி வாய் மூடவில்லை, ஓடிக்கொண்டிருந்த மெஷினை மெஷின்மேன் நிறுத்திவிட்டார்.

"எதுக்கு முதலாளி இந்த விஷப்பரீட்சை?"

முதலாளிக்கு வேறு வழியில்லை. பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்து முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. கால் போனாலும் பரவாயில்லை என்று இருந்திருப்பார். ஆனால் இந்தப் புகைபோக்கியின் பின்னால் இனி உட்கார மாட்டேன் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கு அவர் வண்டியிலும் அவள் பஸ்ஸிலுமாகப் போனார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அவருக்கும் உள்ளூரப் பயம்தான். நடுரோட்டில் சார்ஜ் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதாகக் கனவு வந்தது. கனவிலும் மனைவி பஸ் ஜன்னலிலிருந்து கையசைத்துவிட்டுப் போனாள். யாராவது நாலு வார்த்தை தைரியம் சொல்ல மாட்டார்களா என்றுதான் அச்சகத்தில் பேச்செடுத்தார்.

மழையில் ஷாக் அடிக்கும் என்றார் மெஷின்மேன். முதலாளி ஸ்கூட்டர் கடைக்காரரை வண்டியோடு வரவழைத்து, வாசலில் வைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்தான் வாசற்படி தாண்டி உள்ளே வந்து, அடுக்கி வைத்திருந்த காகிதக் கட்டுகளை நனைத்தது.

"பாத்தீங்களா, வாங்கறதுக்கு முன்னாடியே நஷ்டம்" என்றார் கணக்குப்பிள்ளை.

பாதி வழியில் நின்றுவிடும் என்று பயமுறுத்தினார் பைண்டர். அப்படியென்றால் நீயே ஓட்டிப் பார் என்று முதலாளி சாவியை அவர் கையில் கொடுத்தார். போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். அட்டை ஒட்ட வேண்டிய பில் புத்தகங்கள் அப்படியே கிடந்தன. ஊரெல்லாம் சுற்றியும் வண்டியில் சார்ஜ் மிச்சமிருந்தது. பைண்டரின் முகம்தான் தொங்கிப்போயிருந்தது.

"வண்டி வர்றதே தெரியல முதலாளி. ஒருத்தர்கூட ஒதுங்கல. உங்களுக்கு இது சரிப்படாது."

"ஹாரன் இருக்கேய்யா."

"வழி பூரா அடிச்சிக்கிட்டேவா வருவீங்க?" என்று கேட்டார் கணக்குப்பிள்ளை.

"வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார் மெஷின்மேன், ஏக்கத்தோடு.

முதலாளி உருகிப்போனார். கூடப்பிறந்தவன்கூட அவர் உயிரைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டதில்லை. உடனே மனைவிக்குப் போன் போட்டு, தன் ஆட்களுக்குத் தன்மேல் இருக்கும் அக்கறையில் பாதியாவது அவளுக்கு இருக்கிறதா என்று கேட்டார்.

"அப்ப அவங்களையே பின்னாடி உக்கார வெச்சுக்கோங்க" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் மனம் நோகாமல் காரியத்தை முடிக்க முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, புது வண்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். அச்சகம் முழுவதும் பெருமூச்சு கேட்டது.

"பழசையே ரிப்பேர் பண்ணி, புது சைலன்சர் மாட்டிடறேன். புகையும் வராது, சத்தமும் வராது. வீட்டுல அவளும் ஏறுவா, உங்களுக்கும் கவலை விட்டது."

பெருமூச்சு பாதியில் நின்றது. பைண்டர் பசைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். புகை போனால் போகட்டும், சத்தத்தை மட்டும் விட்டுவைக்க முடியாதா என்று கணக்குப்பிள்ளை பணிவாகக் கேட்டார். அந்தச் சத்தம் தொழிலுக்கே ராசி, அதில் கை வைக்காதீர்கள் என்று மெஷின்மேன் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மூன்று பேரும் தலையைக் குனிந்தபடி அவரவர் இடத்துக்குப் போனார்கள். காலி டம்ளர்களைப் பொறுக்க வந்த டீக்கடைக்கார அக்காவிடம் அவர் சொன்னார்.

"பாத்தியாம்மா, என் ஓட்டை வண்டி மேலகூட இவங்களுக்கு எவ்வளவு பாசம்."

"பின்ன இருக்காதாண்ணே? அந்தச் சத்தம் தெருமுனையில கேட்டப்புறந்தானே இங்க மெஷினையே போடறாங்க."