நாலாயிரமா, எட்டாயிரமா?

ஆங் மோ கியோ, ஒன்பதாம் மாடி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகன் யோங் சியாங்குக்கு மாமனார் கொக் செங் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை சியூ லானும் நலம். ரோட்டர்டாமில் நீயும் பெய் ஷானும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குச் சூடாகக் கஞ்சி குடித்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களிடம் நீ விட்டுப்போன மீன் தொட்டியில் இந்த வரியை எழுதும்வரை யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீ நிம்மதியாகப் படிக்கலாம்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போன மாதம் ஒரே நாளில் நாற்பத்தொரு படம் அனுப்பி, 'இது தூங்குகிறதா, போய்விட்டதா?' என்று உன்னைக் கேட்டேன் அல்லவா, அன்றைக்கே பெய் ஷான் கூப்பிட்டு, "அப்பா, அவரு மீட்டிங்ல இருக்காரு. இனிமே மீனைப் பத்தி ஒரு மெசேஜ் வந்துச்சு, உங்க நம்பரையே பிளாக் பண்ணிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். கடிதம் எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை, தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்பு கரகரவென்று இருமியது, அப்புறம் நின்றுவிட்டது. நான் தட்டிப் பார்த்தேன், கழற்றிக் கழுவிப் பார்த்தேன், சியூ லான் அதைத் திட்டியும் பார்த்தாள், அசையவில்லை. பத்தரை மணிக்குக் கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உப்புத்தண்ணீர் ஓடாமல் நின்றால் அதுகளுக்கு மூச்சு முட்டும் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் அத்தைதான் சமையலறைக்கு ஓடிப்போய் எண்ணெயில் பொரிவதைத் திருப்பும் நீளக் குச்சியைக் கழுவி எடுத்துவந்து தொட்டியைக் கிண்ட ஆரம்பித்தாள். அவள் கால் மணி, நான் கால் மணி என்று முறை வைத்துக் கிண்டினோம். எதிர்வீட்டு ரோஹானி கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், மீனை உயிரோடவே சூப்பு வைக்கறீங்களா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு, எனக்கு உயிர் போகிறது.

குச்சியை ரோஹானி கையில் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் டாக்சி பிடித்து மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் பூன் லே பொறுமையான மனுஷன். தொட்டி எத்தனை லிட்டர் என்றார், நூற்று முப்பது என்றேன். உள்ளே வளரும் பவளம் மெத்தென்று இருக்குமா கெட்டியாக இருக்குமா என்றார், காய்கறி மாதிரி இருக்கும் என்றேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, தொட்டித் தண்ணீர் மணிக்கு முப்பது தடவை சுழல வேண்டும், அதற்கு நாலாயிரம் லிட்டர் பம்புதான் சரி என்று பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டி மேல் உள்ளங்கை அகலத்துக்கு 4. உன் அத்தை ரெண்டடி பின்னால் போய்விட்டாள்.

"நாலா? சொன்னாலே சாவுன்னு காதுல விழற நம்பரைக் காசு குடுத்து வாங்கி, உயிர் இருக்கற தண்ணில போடுவாங்களா? கிழவா, அதைத் தொடாதே!"

"இதுக்கு அடுத்தது எட்டாயிரம்தான் ஆன்ட்டி" என்றார் பூன் லே.

எட்டு என்ற அதிர்ஷ்ட எண் காதில் விழுந்ததும் அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பூன் லே என் பக்கம் திரும்பி, "அங்கிள், எட்டு லாட்டரிக்கு நல்லது, மீனுக்கு ஆகாது" என்றார். எனக்கும் புரிந்தது. ஆனாலும் மருமகனே, உண்மையைச் சொல்கிறேன், எட்டைத்தான் வாங்கினேன். நாலை வாங்கி ஒரு மீன் போய்விட்டால் என்று எனக்கும் உள்ளுக்குள் பயம்.

வீட்டில் அதை மாட்டி சுவிட்சைப் போட்டேன். மணல் முழுவதும் ஒரு மூலைக்குப் போய்விட்டது. இறால் என் கண்முன்னே மூன்று தடவை சுற்றிவந்தது, ஒரு தடவைகூட அதன் விருப்பத்தில் இல்லை. சின்ன மீன் முழு மூச்சாக நீந்தியும் இருந்த இடத்திலேயே இருந்தது. வேகத்தை ஒன்றுக்குக் குறைத்தேன், ஒன்றிலேயே புயல். பம்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் வேகம் உடையும் என்று வாசல் பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினேன். உன் அத்தை விடுவாளா? "தண்ணி வாசலைப் பார்த்து ஓடினா வீட்டுல இருக்கறதெல்லாம் அதோட போயிடும்" என்று வீட்டுக்குள் பார்க்கத் திருப்பினாள். நான் திருப்ப, அவள் திருப்ப, மூன்று நாளாக இதே பாடு. நிறுத்தினால் மீன் மூச்சு வாங்குகிறது, போட்டால் பறக்கிறது, நடுவில் குச்சி.

நேற்றிலிருந்து பச்சைப் பவளம் சுருங்கிக்கிடக்கிறது. பெரிய மீன் பாறைக்குப் பின்னால் போனது, வரவில்லை. அந்த ஜோடி உங்கள் கல்யாணத்தன்று நீ பெய் ஷானுக்குக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு பூனைமேல்கூட ஏற்றியதில்லை. இந்த மீனைச் சாகக் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லையப்பா. நாலாயிரத்தையே வாங்கி, நாலை மறைத்துச் சிவப்புக் காகிதம் ஒட்டிவிடலாம் என்றுகூடக் கெஞ்சிப் பார்த்தேன். "ஒட்டினா உள்ளே இருக்கறது எட்டாயிடுமா?" என்கிறாள். ஆகவே நாலாயிரமா எட்டாயிரமா, நீயே ஒரு வார்த்தை எழுது. உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். பதில் வரப் பத்து நாளாவது ஆகும், தெரியும், அதுவரை கிண்டிக்கொண்டிருப்போம்.

உங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல், போன வேலை நல்லபடியாக முடிந்து, சிரித்த முகத்தோடு வீடு திரும்ப எல்லாத் தெய்வமும் துணை நிற்கட்டும்.

உன் மாமனார்,
கொக் செங்

பின்குறிப்பு: சனிக்கிழமை. மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம், பதிலும் வேண்டாம். காலையில் கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்குப் போன உன் அத்தை கீரையும் இல்லாமல் மீனும் இல்லாமல் திரும்பி வந்தாள். பையில் நாலாயிரம் பம்பு. பெட்டியை மறைக்கக்கூட இல்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே, "என்ன பாக்கறே? மீனுக்கு எண்ணத் தெரியுமா? மாட்டு சீக்கிரம், அது சாகுது" என்றாள். உடனே மாட்டினேன். அரை மணியில் பெரிய மீன் வெளியே வந்தது. பச்சைப் பவளம் ஓரத்தில் கொஞ்சம் விரிந்திருக்கிறது. அவள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். மணி இரண்டாகிறது, இன்னும் உலை வைக்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.